லொரெட்டா லின்னை உயர்த்தியது 17 டாலர் கித்தாரா?

வாசகர் கேள்வி: 6 அக்டோபர் 2022

லொரெட்டா லின் இறந்த செய்தி பார்த்தேன். சுரங்கத் தொழிலாளி வீட்டுப் பெண், 13 வயதில் கல்யாணம், கணவர் 17 டாலருக்கு ஒரு கித்தார் வாங்கிக் கொடுக்க, அதை வைத்து நாட்டுப்புறப் பாட்டு பாடிப் பெரிய ஆள் ஆகிவிட்டார் என்று போட்டிருந்தார்கள். அப்படியென்றால் கணவர் இல்லாவிட்டால் இந்த அம்மா இல்லை, அவ்வளவுதானே? இதற்கு மேல் இதில் பேச என்ன இருக்கிறது?

6 அக்டோபர் 2022, இரவு

நிறையவே இருக்கிறது. முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துவிடுகிறேன். அமெரிக்காவின் கன்ட்ரி இசையை நாட்டுப்புறப் பாட்டு என்று எழுதினால் ஆளே மாறிப்போகும். தாலாட்டுக்கும் நடவுப் பாட்டுக்கும் எழுதியவர் பெயர் கிடையாது, ராயல்டி கிடையாது. கன்ட்ரி என்பது ரெக்கார்டு கம்பெனிகளும் ரேடியோவும் சேர்ந்து வளர்த்த வியாபாரம். பாட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு, பில்போர்டு பத்திரிகையின் பாட்டுப் பட்டியலில் இத்தனாவது இடம் என்ற கணக்கு உண்டு, உரிமைக்காகக் கோர்ட்டுக்குப் போவதும் உண்டு. லொரெட்டா லின் அந்த வியாபாரத்தின் நடுவில் அறுபது வருஷம் நின்றவர்.

ஊர், கென்டக்கி மாநிலத்தின் கிழக்குப் பக்கம், ஜான்சன் கவுன்டி. வான் லியர் என்ற நிலக்கரி ஊருக்குப் பக்கத்தில் புட்சர் ஹாலோ. ஹாலோ என்றால் இரண்டு மலைச்சரிவுகளுக்கு நடுவே ஒடுங்கிப் போகும் இடுக்கு. எட்டுப் பிள்ளைகளில் இவர் இரண்டாவது. அப்பா டெட் வெப் இரவில் சுரங்கத்தில் கரி அள்ளுவார், பகலில் சோளக்கொல்லையில் களை கொத்துவார். மரவீட்டின் சுவரில் அம்மா பழைய செய்தித்தாளும் சினிமாப் பத்திரிகையும் ஒட்டிவைத்திருந்தார். அதில் இருந்த நடிகை லொரெட்டா யங்கின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்.

13 வயசில் கல்யாணம் என்பதைத்தான் தாண்ட முடியவில்லை. என் அண்ணன் மகளுக்கு இப்போது 13. காலையில் சாக்ஸ் எங்கே என்று வீட்டையே இரண்டாக்குகிறாள். அந்த வயசில் ஒரு பெண் 1948-இல் தாலி கட்டிக்கொண்டு (தாலி இல்லை, சொல்வதற்குச் சொன்னேன்), வயிற்றில் பிள்ளையோடு நாட்டின் மறுகோடியில் வாஷிங்டன் மாநிலத்துக்குப் போயிருக்கிறாள். அந்தப் பெண்தான் முந்தாநாள், 4-ஆம் தேதி, டென்னஸியில் தன் சொந்தப் பண்ணையில் 90 வயதில் இறந்தவர்.

7 அக்டோபர், காலை

நேற்று எழுதியதில் பெரிய ஓட்டை. 2022-இல் 90 என்றும் நானே எழுதியிருக்கிறேன், 1948-இல் 13 என்றும் நானே எழுதியிருக்கிறேன். கழித்துப் பார்க்கவில்லை.

அவர் பிறந்தது 1932 ஏப்ரல் 14. கல்யாணம் 1948 ஜனவரி 10. அதாவது 15 வயது முடிந்து, 16-க்கு மூன்று மாதம் பாக்கி. 13 என்பது அவரே சொல்லிவந்த கணக்கு. 1976-இல் வந்த சுயசரிதையில் அப்படித்தான் இருக்கிறது, அதைத் தழுவி 1980-இல் வந்த படத்திலும் அப்படித்தான். 2012-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பிறப்புச் சான்றிதழையும் கல்யாணப் பதிவையும் எடுத்துப் பார்த்துவிட்டு, மூன்று வயது குறைத்துச் சொல்லியிருக்கிறார் என்று எழுதியது. செய்தி வந்து பத்து வருஷம் ஆகியும், அவர் இறந்த அன்றைக்குக்கூட 13-தான் சுற்றிக்கொண்டிருக்கிறது. நானும் சுற்றவிட்டிருக்கிறேன்.

7 அக்டோபர், மதியம்

"அப்போ 15 என்றால் பரவாயில்லையா?" என்று கேட்டவருக்கு: பரவாயில்லை என்று நான் எங்கே சொன்னேன். கணக்கைத் திருத்தினேன், அவ்வளவுதான்.

8 அக்டோபர்

அவர்கள் சந்தித்த கதை. ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பணம் சேர்க்கப் பெண்பிள்ளைகள் பை என்கிற பலகாரம் செய்து கொண்டுவருவார்கள். ஆண்கள் ஏலம் எடுப்பார்கள். யார் செய்ததை எடுக்கிறாரோ அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து சாப்பிடலாம். ஆலிவர் லின், ஊரில் டூலிட்டில் என்றோ டூ என்றோ சொல்வார்கள், உலகப் போரிலிருந்து திரும்பி வந்த 21 வயசுப் பையன், லொரெட்டா செய்த சாக்லேட் பையை 5 டாலருக்கு எடுத்தார். ஒரு வாய் வைத்த பிறகுதான் தெரிந்தது, சர்க்கரைக்குப் பதில் உப்பைக் கொட்டியிருக்கிறாள் என்று.

ஒரே மாசத்தில் கல்யாணம். அந்த ஊரில் 5 டாலர் எவ்வளவு பெரிய தொகை என்று தெரிந்தால்தான் இந்தக் கதையில் அந்தப் பெண்ணுக்கு ஏன் தலை சுற்றியது என்று புரியும். உப்பைப் பற்றிச் சிரிக்கிறோம். நானும் முதலில் சிரித்தேன்.

9 அக்டோபர்

சரி, கித்தாருக்கு வருவோம்.

1953. வாஷிங்டன் மாநிலத்தில் கஸ்டர் என்ற ஊர், கனடா எல்லைக்குப் பக்கம். டூ சியர்ஸ் கடையிலிருந்து ஹார்மனி கித்தார் ஒன்று வாங்கி வருகிறார், 17 டாலர். வீட்டு வேலை செய்யும்போது மனைவி பாடுவதைக் கேட்டிருக்கிறார். ரேடியோவில் பாடுகிறவர்களுக்கு இவள் குறைச்சல் இல்லை என்று அவருக்குப் பட்டிருக்கிறது. அதை மறுக்க மாட்டேன். கூச்சப்பட்ட பெண்ணை மேடைக்குத் தள்ளியதும் அவர்தான்.

ஆனால் முதல் ரெக்கார்டு 1960. நடுவில் ஏழு வருஷம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானே கம்பியைத் தடவித் தடவி கார்டு (பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்க விரல் வைக்கும் பிடி) பிடித்துப் பழகியது, பிள்ளைகளைத் தூங்கவைத்த பிறகு. பகலில் பிறர் வீட்டுத் துணி துவைத்தது, ஸ்ட்ராபெர்ரி தோட்டத்தில் கூலிக்குப் பழம் பறித்தது. இருபதுகளின் தொடக்கத்திலேயே நான்கு குழந்தைகள்.

என் வீட்டிலும் ஒரு கித்தார் இருக்கிறது. 17 டாலரைவிடப் பல மடங்கு விலை. எஃப் கார்டு என்று ஒன்று வரும், ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்த வேண்டும். அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். இப்போது அதன் கழுத்தில் துண்டு காய்கிறது. கித்தார் வாங்கிக் கொடுப்பவர்கள் உலகத்தில் நிறையப் பேர், எனக்கும் ஒரு மனைவி வாங்கிக் கொடுத்தார்.

9 அக்டோபர், இரவு

"ஒரு மனைவி" என்று எழுதியதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே மனைவிதான். படித்துவிட்டார்.

11 அக்டோபர்

1960-இல் நடந்தது எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

எல்லை தாண்டினால் கனடாவின் வான்கூவர். அங்கே கோழிக்கூடாக இருந்த ஒரு கொட்டகையில் பாட்டுக் கச்சேரி நடக்கும். அங்கே பாடும்போது ஸீரோ ரெக்கார்ட்ஸ் என்ற புதுக் கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். பணம் போட்டவர் நார்ம் பர்லி, மரவியாபாரத்தில் சம்பாதித்தவர். அவர் செலவில் ஹாலிவுட்டுக்குப் போய் ஒலிப்பதிவு. ஐ'ம் எ ஹாங்கி டாங்க் கேர்ள் (நான் ஒரு மதுக்கடைப் பெண்) பாட்டு, லொரெட்டாவே எழுதியது. ஸ்டீல் கித்தார் வாசித்தவர் ஸ்பீடி வெஸ்ட், அந்தத் துறையில் பெரிய கை.

கோழிக்கூட்டில் கண்டுபிடித்த பாடகி, பெயரே ஸீரோ என்கிற கம்பெனி. விளம்பரத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? புருஷனும் பெண்டாட்டியும் வீட்டில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான ரெக்கார்டுகளை உறையில் போட்டார்கள், கூடவே அவருடைய போட்டோ, ஒவ்வொன்றாக ரேடியோ நிலையங்களுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அப்புறம் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். சாலையோரம் ஆன்டெனாக் கோபுரம் தெரிந்தால் வண்டியை நிறுத்துவது, உள்ளே போய் அறிவிப்பாளரிடம் பேசி, வந்த ரெக்கார்டு எங்கே என்று கேட்டு, போடவைப்பது. சாப்பாடு ரொட்டியும் பலோனியும் (மலிவு விலை இறைச்சித் துண்டு), தூக்கம் காரிலேயே. பாட்டு பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் 14-ஆம் இடம் வரை ஏறியது. ஏறுவது தெரியாமல்கூடக் கொஞ்ச நாள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்று சொல்வார்கள்.

அக்டோபர் 15-ஆம் தேதி, கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் கிராண்ட் ஓல் ஓப்ரி மேடை. 1925-இல் தொடங்கி இன்றும் ஓடுகிற ரேடியோ நிகழ்ச்சி அது. புட்சர் ஹாலோ வீட்டில் அப்பாவின் பேட்டரி ரேடியோ உண்டு. பேட்டரி தீர்ந்துவிடும் என்று வாரநாளில் அடக்கிவைத்து, சனிக்கிழமை ராத்திரி ஓப்ரிக்காகத் திருப்புவார்கள். அந்த ரேடியோவுக்குள்ளேயே மகள் போனது 1960-இல். அப்பா 1959-இல் இறந்துவிட்டார்.

12 அக்டோபர்

மேலே எழுதியதை மறுபடி படித்தால் டூவின் பக்கம் சாய்ந்துவிட்டேன் போலிருக்கிறது. தபால் ஒட்டியதிலும் கார் ஓட்டியதிலும் அவர் பாதி, சந்தேகமே இல்லை. கேள்வி கேட்ட தம்பிக்கு அரை மதிப்பெண்.

14 அக்டோபர்

மீதி அரை மதிப்பெண்ணைப் பற்றி.

டூ குடிப்பார். வேறு பெண்களோடும் பழக்கம். கை நீட்டுவார். லொரெட்டா இதையெல்லாம் மறைக்கவில்லை. அவர் ஒரு அடி அடித்தால் நான் திருப்பி இரண்டு அடி கொடுத்தேன் என்று சொன்னவர். கேட்பதற்கு வீராப்பாக இருக்கிறது, ஆனால் அடி நடந்திருக்கிறது என்பதையும் அதே வாக்கியம்தான் சொல்கிறது. 1996-இல் டூ இறக்கும்வரை, 48 வருஷம், சேர்ந்தே இருந்தார்கள்.

இப்போது பாட்டுகளைப் பாருங்கள். முதன்முதலாகப் பட்டியலில் முதலிடம் பிடித்தது 1967-இல். குடித்துவிட்டு ஆசையோடு வீட்டுக்கு வராதே என்று மனைவி புருஷனிடம் சொல்கிற பாட்டு. அடுத்த வருஷம் ஃபிஸ்ட் சிட்டி, புருஷனைச் சுற்றிவரும் இன்னொருத்திக்கு, என் கையில் கிடைத்தால் தெரியும் என்கிற எச்சரிக்கை. கன்ட்ரியில் குடிப்பதும் ஏமாற்றுவதும் ஆண்கள் பாடிக்கொண்டிருந்த சமாச்சாரம், அதற்கு ஒரு சோகம், ஒரு அழகு எல்லாம் கொடுத்து. பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து அதே சமாச்சாரம் எப்படித் தெரியும் என்று இவர் பாடினார். மூத்த பாடகி கிட்டி வெல்ஸ் 1952-லேயே ஆண்களுக்குப் பதில் பாட்டு பாடி முதலிடம் வந்தவர்தான். ஆனால் அவர் குரலில் வருத்தம். இவர் குரலில் இடுப்பில் சொருகிய முந்தானை.

அதனால் டூவை நான் இப்படி வைத்துக்கொள்கிறேன்: கித்தாரும் வாங்கிக் கொடுத்தார், எழுதுவதற்கு விஷயமும் கொடுத்தார். இரண்டாவதற்கு யாரும் நன்றி சொல்லத் தேவையில்லை.

14 அக்டோபர், சற்று நேரம் கழித்து

இன்னொன்று. 1972-இல் கன்ட்ரி மியூசிக் அசோசியேஷன் அந்த வருஷத்தின் சிறந்த கலைஞர் விருதை இவருக்குக் கொடுத்தது. அந்த விருது வாங்கிய முதல் பெண். அன்று கணவர் அரங்கில் இல்லை. வேட்டைக்குப் போயிருந்தார்.

15 அக்டோபர்

"இந்த மாதிரி வீட்டுச் சண்டையைப் பாடுவதெல்லாம் ஒரு சாதனையா?" என்று ஒருவர். ஐயா, தி பில் பாட்டைப் பற்றிச் சொன்னால் புரியும்.

கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1960-இல், இவருடைய முதல் ரெக்கார்டு வந்த அதே வருஷம். 1964-இல் இரட்டைக் குழந்தைகள் பிறந்தன, ஐந்தாவதும் ஆறாவதும். இரட்டையரில் ஒரு பெண்ணுக்கு பேட்ஸி என்று பெயர், முந்தைய வருஷம் விமான விபத்தில் இறந்த தோழி, பாடகி பேட்ஸி க்ளைனின் நினைவாக. நாஷ்வில்லுக்கு வந்த புதிதில் உடுத்தத் துணி கொடுத்து, மேடையில் எப்படி நிற்பது என்று சொல்லித்தந்தவர் பேட்ஸி.

தி பில் பாட்டில் ஒரு மனைவி, வருஷா வருஷம் பிள்ளை பெற்றது போதும், என்னிடம் இப்போது மாத்திரை இருக்கிறது என்கிறாள். கோழி, அடைகாக்கும் கூடு என்று பண்ணை பாஷையிலேயே போகும், கேட்டால் சிரிப்பு வரும். 1972-இல் பதிவுசெய்ததைக் கம்பெனி மூன்று வருஷம் கையில் வைத்திருந்துவிட்டு 1975-இல் வெளியிட்டது. பல ரேடியோ நிலையங்கள் போட மறுத்தன. அப்படியும் கன்ட்ரி பட்டியலில் 5-ஆம் இடம். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இந்த மாத்திரை பற்றித் தெரியவந்ததே உங்கள் பாட்டால்தான் என்று கிராமத்து டாக்டர்கள் சொன்னதாக லொரெட்டா சொல்லியிருக்கிறார்.

20 அக்டோபர்

இவ்வளவு பேசிவிட்டு அந்தப் பாட்டைப் பற்றி இன்னும் எழுதவில்லை. கோல் மைனர்ஸ் டாட்டர், நிலக்கரித் தொழிலாளியின் மகள்.

பதிவானது 1969 அக்டோபர். ஒரு வருஷம் கிடப்பில் கிடந்து 1970-இல் வந்தது, அந்த டிசம்பரில் முதலிடம். எழுதும்போது இன்னும் நீளம். தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சில சரணங்களை வெட்டச் சொன்னார். வெட்டியதில் வருத்தம் என்று லொரெட்டா பின்னால் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பாட்டில் அழுகை இல்லை. பட்டியல்தான் இருக்கிறது. துணி தேய்க்கும் பலகையில் அம்மாவின் விரலில் ரத்தம் வந்தது. மண்ணெண்ணெய் விளக்கில் அம்மா பைபிள் படித்தது. கோடையில் காலுக்குச் செருப்பு இல்லை, குளிர்காலத்துக்கு மட்டும் பன்றி விற்ற காசில் தபால் கேட்டலாக்கிலிருந்து எல்லாருக்கும் ஒரு ஜோடி ஷூ. (ஷூவும் கேட்டலாக்கில் வந்தது, கித்தார் வாங்கிய சியர்ஸும் கேட்டலாக்குக்குப் பெயர்போன கம்பெனி. கடைத்தெரு இல்லாத ஊருக்குக் கேட்டலாக்தான் கடைத்தெரு.)

இயைபைக் கவனியுங்கள். ஹாலோ என்று பள்ளிக்கூட உச்சரிப்பில் பாடினால் டாலரோடு சேராது. ஊர்ப் பேச்சில் ஹாலர், அப்போது ஹாலர், டாலர். இன்னொரு இடத்தில் ஹார்ட் (கடினம்) என்பதற்கு டயர்ட் (களைப்பு) என்ற சொல்லை இயைபாக வைத்திருக்கிறார், அவர் வாயில் அது டார்ட் என்று வரும். உச்சரிப்பைத் திருத்தியிருந்தால் பாட்டே கழன்று விழுந்திருக்கும். மலைப்பகுதி ஆட்களின் பேச்சைக் கேலி செய்வது அமெரிக்காவில் பழைய பொழுதுபோக்கு, இவர் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை.

நான் நெய்வேலி. அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அதனால் இந்தப் பாட்டை முதலில் கேட்டபோது, இது என் வீட்டுக் கதை என்று நினைத்துக்கொண்டேன். அம்மா அப்பாவின் சட்டையைத் தனி வாளியில் ஊறப்போடுவார், மற்றத் துணியோடு சேர்க்க மாட்டார்.

21 அக்டோபர்

நேற்று எழுதிய கடைசிப் பத்தி பாதி பொய், அதாவது உணர்ச்சிவசப்பட்ட பொய். அந்த வாளித் தண்ணீர் கறுப்பாக இருக்காது, செம்மண் நிறத்தில் இருக்கும். நெய்வேலியில் எடுப்பது பழுப்பு நிலக்கரி, திறந்தவெளிச் சுரங்கம், மேலே வானம். அப்பா வேலை முடிந்து காலனிக்குத் திரும்பிக் குழாய்த் தண்ணீரில் குளித்தார். டெட் வெப் மலைக்குள் போனவர். மூடிய சுரங்கத்தில் கரித்தூள் நுரையீரலில் படிந்து வரும் நோய்க்கு அங்கே கறுப்பு நுரையீரல் என்று பெயர். 1969 பிப்ரவரியில் பக்கத்து மேற்கு வர்ஜீனியாவில் அந்த நோய்க்கு நஷ்டஈடு கேட்டுத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வருஷம் டிசம்பர் 30-இல் சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தானது. பாட்டு பதிவானது இரண்டுக்கும் நடுவில். பாட்டில் நோயைப் பற்றி ஒரு வரி இல்லை, அப்பா பெருமையாகவே வருகிறார்.

சட்டம் வந்து சரியாக ஒரு வருஷம், 1970 டிசம்பர் 30. பாட்டு ஊரெல்லாம் ஒலித்துக்கொண்டிருக்கும்போது கென்டக்கியில் ஹைடன் பக்கம் ஹரிக்கேன் க்ரீக் சுரங்கம் வெடித்து 38 பேர் செத்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்காக லொரெட்டா லூயிவில்லில் நிதிக் கச்சேரி நடத்தினார். இதை யாரும் அவர் கதையில் சேர்ப்பதில்லை, கித்தாரைச் சேர்க்கிறார்கள்.

2 நவம்பர்

இழை தடம் மாறுகிறது, மாறட்டும். தங்கை க்ரிஸ்டல் கேல் பற்றிக் கேட்டிருந்தார்கள். இயற்பெயர் பிரெண்டா கேல் வெப், 1951-இல் பிறந்தவர், அக்காவுக்கு அப்போதே கல்யாணமாகி மூன்று வருஷம். பெயரை மாற்றச் சொன்னது அக்கா. க்ரிஸ்டல் என்பது அந்தப் பக்கத்தில் இருக்கும் ஒரு பர்கர் கடையின் பெயரைப் பார்த்து வந்த யோசனை.

அப்பா கென்டக்கியை விட்டு இண்டியானா மாநிலத்தில் வாபாஷ் என்ற ஊருக்குக் குடும்பத்தோடு போனபோது பிரெண்டா சின்னக் குழந்தை. அதனால் அதே அப்பா, அதே அம்மா, ஆனால் மலைப்பேச்சு நாக்கில் ஒட்டவில்லை. 1977-இல் அவர் பாடிய பழுப்புக் கண் பாட்டைக் கேட்டுப் பாருங்கள், வழவழவென்று போகும். எங்கள் வீட்டிலும் மூத்தவனான நான் கிழிந்த டவுசர் போட்டவன், தம்பி ஏசி பஸ்ஸில் கல்லூரிக்குப் போனவன். நாங்கள் இரண்டு பேரும் ஒரே அப்பாவைப் பற்றிப் பேசும்போது வேறு வேறு ஆளைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும்.

5 நவம்பர்

பணம்: 1966-இல் டென்னஸியில் ஹரிக்கேன் மில்ஸ் பண்ணையை வாங்கினார்கள். (ஹரிக்கேன் க்ரீக் வேறு, இது வேறு, குழப்பிக்கொண்டு எனக்கே தனிச்செய்தி அனுப்புகிறார்கள்.) ஆனால் நாஷ்வில்லில் கைபிடித்துத் தூக்கிவிட்ட வில்பர்ன் சகோதரர்களின் ஷுவர்-ஃபயர் கம்பெனியில்தான் அவர் எழுதிய பாட்டுகளின் பதிப்புரிமை. பிரிந்து வந்தபோது விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. எழுபதுகளில் அவர் எழுதுவது ஏன் குறைந்தது என்று தேடினால் இங்கேதான் வந்து முட்டும். எழுதினால் வருமானம் வேறு வீட்டுக்கு என்றால் யார் எழுதுவார்.

14 ஜனவரி 2023

பொங்கலுக்கு வீட்டில் போன் பேசும்போது அப்பாவின் வயதுப் பேச்சு வந்தது. சான்றிதழில் ஜூன் 1. எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ஜூன் 1-தான், பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டது. அப்பா உண்மையில் பிறந்தது ஒரு ஐப்பசி மாதம், வருஷமும் இரண்டு முன்பின். அதனால் ரிடையர்மென்ட் இரண்டு வருஷம் தள்ளிப்போனது என்று அவருக்கு இன்னும் சந்தோஷம்.

அப்போதுதான் லொரெட்டா கணக்கு மறுபடி நினைவுக்கு வந்தது. அக்டோபரில் நான் அந்த மூன்று வயதைக் கல்யாணத்தில் மட்டும் கூட்டிவிட்டு விட்டுவிட்டேன். மற்ற இடங்களிலும் கூட்டிப் பாருங்கள். முதல் ரெக்கார்டு பதிவானது 1960 பிப்ரவரி: 24 வயசுப் பெண் இல்லை, 28-ஐத் தொடப்போகிற நான்கு குழந்தைகளின் தாய். முதல் முதலிடம் 34-இல். மாத்திரைப் பாட்டு வந்தபோது 42. ராக் பாடகர் ஜாக் வைட்டோடு சேர்ந்து வான் லியர் ரோஸ் ஆல்பம் போட்டு இரண்டு கிராமி வாங்கியது 2004-இல் வந்த ஆல்பத்துக்கு. அது வெளிவந்தபோது 72, பத்திரிகைகள் எல்லாம் குறைத்தே எழுதின.

13 வயசுக் கதையில் ஒரு குழந்தை இருக்கிறது, அவளுக்கு எல்லாம் நடக்கிறது: யாரோ கட்டுகிறார், யாரோ கித்தார் தருகிறார், யாரோ மேடை ஏற்றுகிறார். சரியான வயதைப் போட்டால் அதே சம்பவங்களில் ஒரு பெரிய மனுஷி நிற்கிறாள். 28 வயதில், தாமதமாகத்தான் வருகிறோம் என்று தெரிந்தே நாஷ்வில் வந்திருக்கிறாள். சினிமாக்காரர்கள் போலப் பாட்டுக்காரர்களுக்கும் வயசு ஒரு முதலீடு, அதனால் மூன்றைக் கழித்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். கழித்ததும் அவளுடைய வேலைதான். அக்டோபரில் தம்பிக்குக் கொடுத்த அரை மதிப்பெண்ணைக் கால் ஆக்குகிறேன்.

23 ஏப்ரல் 2023

புட்சர் ஹாலோவுக்குப் போய் வந்துவிட்டேன். ஒஹையோ மாநிலத்தில் நான் இருக்கும் கொலம்பஸிலிருந்து 23-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே ஏறக்குறைய மூன்று மணி நேரம். கென்டக்கிக்குள் அந்தச் சாலைக்கு கன்ட்ரி மியூசிக் ஹைவே என்றே பெயர். லொரெட்டா, க்ரிஸ்டல் கேல், ரிக்கி ஸ்காக்ஸ், ட்வைட் யோக்கம், க்ரிஸ் ஸ்டேபில்டன் எல்லாரும் அந்தப் பக்கத்து ஆட்கள். ஆனால் ஒஹையோவில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், அவர் தாத்தா சுரங்கத்தை விட்டுவிட்டு இதே சாலையில் வடக்கே வந்தவர், சொன்னது: பாட்டுக்காரர்கள் போனது கொஞ்சப் பேர், இந்தச் சாலையில் போனதெல்லாம் ஃபேக்டரி வேலைக்கு.

வான் லியர் தாண்டியதும் போனில் சிக்னல் போய்விட்டது. சாலை ஒரு கார் அகலம், எதிரே வண்டி வந்தால் யாராவது ஒருவர் ஓடைப்பக்கம் ஒதுங்க வேண்டும். வழியில் நிலக்கரிக் கம்பெனி ஒரு காலத்தில் நடத்திய ஐந்தாம் எண் கடை, பிறகு வெப் குடும்பத்து மளிகைக்கடை ஆனது. நான் மதியம் சாப்பாட்டுக்கு நின்று நேரத்தைக் கோட்டைவிட்டேன், போய்ச் சேரும்போது ஆள் இல்லை. வீட்டை வெளியிலிருந்துதான் பார்த்தேன். மலைச்சரிவில் பலகை வீடு, முன்னால் திண்ணை. நான் நினைத்ததைவிடச் சிறியது. பத்துப் பேர் எங்கே படுத்தார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், வரவில்லை.

அந்த இடுக்கில் சூரியன் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. ஆறு மணிக்கெல்லாம் நிழல். மேலே வானம் மட்டும் வெளிச்சமாக ஒரு கீற்று. திரும்பும்போது ஒரு பிக்கப் வண்டிக்காரர் நிறுத்தி, வழி தவறிவிட்டதா என்று கேட்டார். புட்சர் ஹாலோ பார்க்க வந்தேன் என்றேன். "ஹாலர்" என்று திருத்திவிட்டுப் போனார்.

24 ஏப்ரல்

அக்டோபர் 20-ஆம் தேதி நானே அந்த உச்சரிப்பைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறேன் என்பதை மூன்று பேர் நினைவூட்டிவிட்டார்கள். எழுதுவது வேறு, வாயில் வருவது வேறு.

30 ஏப்ரல்

எஃப் கார்டு வந்துவிட்டதா என்று கேட்டவருக்கு: துண்டை எடுத்துவிட்டேன். இரண்டு கம்பி துருப்பிடித்திருந்தது, புதுக் கம்பி சொல்லியிருக்கிறேன்.